உங்களுக்குத் தெரியுமா? கண்ணில் விழுந்த நெல்

பூதலூர் ரயில் நிலையத்தில் நின்றால் ஒரு பக்கம் போகிற வண்டி தஞ்சாவூருக்கு, மறுபக்கம் போகிற வண்டி திருச்சிக்கு. தமிழ்நாட்டுக் கண் வைத்தியத்தின் கதையில் ஒரு நல்ல பங்கு இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கிறது. இன்னொரு பங்கு நம் வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கிறது. சம்பா அறுவடை நேரம் பார்த்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு; போகப் போகச் சொல்கிறேன்.

★ தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளோடு நோயாளிகளின் கண்களும் பத்திரமாக இருக்கின்றன. எல்லாம் வண்ணத்தில் வரைந்த கண்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832) காலத்தில் இங்கே கண் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய 40-க்கும் மேற்பட்ட குறிப்புகள் அவை. வந்தவருக்கு என்ன தொந்தரவு, கண் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள், பிறகு எப்படித் தேறியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கண்புரை. மன்னருக்குத் துணையாக இருந்தவர் மக்பீன் என்ற ஆங்கிலேய மருத்துவர். இன்று மருத்துவமனையில் நம் கையில் தருகிற நோட்டுக்கும் அந்தத் தாள்களுக்கும் நோக்கத்தில் வித்தியாசமே இல்லை. அதே மன்னரின் பெயரால் வழங்கும் சரபேந்திர வைத்திய முறைகளில் கண்நோய்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் நாட்டு மருந்தும் மேல்நாட்டு மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நம் மாவட்டத்துக் குழந்தைகள் பெரிய கோயிலைப் பார்க்கப் போகும்போது அந்தக் கண் படங்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

★ கண்புரை என்றால் கண்ணுக்கு மேல் வளர்கிற சதை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணுக்கு உள்ளே, பாவைக்குப் பின்னால், தெளிந்த பளிங்கு மாதிரி ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது பழுப்பேறிக் கலங்கிப்போவதுதான் புரை. சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ அதைக் கரைக்க முடியாது. அறுவை ஒன்றே வழி.

★ அந்தக் காலத்தில் ஊசியால் குத்தி, கலங்கிய லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே இந்த முறை வருகிறது. தள்ளிய உடனே வெளிச்சம் தெரியும். வீட்டார் கும்பிட்டுக் காசு கொடுப்பார்கள். ஆனால் லென்ஸ் உள்ளேயே கிடந்து பல கண்களைப் பின்னால் கெடுத்துவிடும். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த எலியட், இப்படிக் கெட்டுப்போய் வந்த கண்களை ஆராய்ந்து 1917-இல் ஒரு புத்தகமே எழுதினார். லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 1747-இல் செய்து காட்டியவர் பிரான்சு நாட்டு மருத்துவர் டேவியல்.

★ இரண்டாம் உலகப்போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் மூடி உடைந்து சில விமானிகளின் கண்ணுக்குள் சில்லு பாய்ந்தது. இரும்போ மரமோ பாய்ந்தால் கண் கொந்தளித்துப்போகும். இந்தச் சில்லுகளோ உள்ளே சும்மா இருந்தன. லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி அதைக் கவனித்து, அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29 அன்று ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். சக மருத்துவர்கள் பல வருஷம் அவரைத் திட்டினார்கள். இன்று நம் தெருவில் புரை அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவர் கண்ணிலும் இருப்பது அந்த யோசனையின் வாரிசு.

★ வெளிநாட்டு லென்ஸை ஏழைகளால் வாங்க முடியாது என்ற நிலைமையை உடைத்தது மதுரை. 1992-இல் தொடங்கிய ஆரோலேப் அங்கேயே லென்ஸ் செய்து, விலையைச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு வேர், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில் தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியிருந்தது. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அவருடைய கைகளின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

★ “புரை இன்னும் முத்தலை, முத்தட்டும்” என்று தள்ளிப்போடுவது லென்ஸ் வைக்காத காலத்துப் பழக்கம். முத்திய புரை கல் மாதிரி இறுகிவிடும், அறுவையும் சிரமமாகும். சில கண்களில் அது வீங்கி அழுத்தத்தை ஏற்றி, பார்வையையே கொண்டுபோகும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா, அறுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் கணக்கு. இப்போது 3 மில்லிமீட்டருக்குள் ஒரு கீறல் போதும். ஊசிமுனை அளவு கருவி அதிர்ந்து லென்ஸைப் பொடியாக்கி உறிஞ்சும், அதே துளை வழியாக மடித்த லென்ஸ் உள்ளே போய் விரியும். முகாம்களில் அதிகம் செய்கிற இன்னொரு முறையில் கீறல் கொஞ்சம் பெரியது, அதற்கும் தையல் கிடையாது. இரண்டிலும் பார்வை நன்றாகவே வரும்.

எங்கள் அப்பாயிக்குக் கட்டு பிரித்த காலையில் நான் பக்கத்தில் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு “நல்லாத் தெரியுது” என்று அழுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பாயி என் சட்டையைப் பிடித்து இழுத்து, “இது ஊதாவா? நான் சாம்பல்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். பழுப்பேறிய லென்ஸ் நீல நிறத்தைத்தான் முதலில் தடுக்கிறது. அது போனதும் நீலம் திரும்பி வருகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் புரை அறுவை செய்துகொண்டபோது இதே அனுபவம் அவருக்கும் உண்டானது.

★ அறுவை செய்த கண்ணில் ஒன்றிரண்டு வருஷம் கழித்து மறுபடி மங்கினால் “திரும்பப் புரை வந்திடுச்சு” என்பார்கள். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்குகிற மெல்லிய பைதான் மங்கியிருக்கும். லேசர் கொண்டு அதில் ஒரு சின்ன சன்னல் திறந்துவிட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. கத்தியும் இல்லை, கட்டும் இல்லை.

★ 1934-ஐ டெல்டாக்காரர்கள் மேட்டூர் அணை முடிந்த வருஷம் என்று நினைவு வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பக்கம் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாயும் அந்தத் திட்டத்தோடு வந்ததுதான். அதே 1934-இல் திருச்சியில் டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் ஜோசப் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களுக்குப் போய் முகாம் போட்டுக் கண் பார்த்த முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

★ இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு மாசி மாதம். அறுவடை மெஷின் இறங்க முடியாத ஈரத் துண்டு வயல் ஒன்றைக் கையால் அறுத்தோம். களத்தில் தூற்றும்போது காற்று திரும்பியது. அத்தை ஒரு நிமிடம் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். “ஒண்ணுமில்லப்பா, சுனைதான்” என்றார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி இரண்டு சொட்டுத் தாய்ப்பால் பீய்ச்சினார். ராத்திரி நந்தியாவட்டைப் பூவை ஒற்றி வைத்தார்கள். மூன்றாம் நாள் கண் சிவந்து நீர் வடிந்தது. மருந்துக் கடையில் “கண் சிவப்புக்கு” என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தோம். போட்ட இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. எல்லோருக்கும் நிம்மதி. பத்தாம் நாள் கருவிழியின் நடுவில் நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அத்தையால் சன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

அந்தப் புள்ளி பூஞ்சை. நெல் தோகையிலும் உமியிலும் மண்ணிலும் வாழ்கிற பூஞ்சை. கீறல் விழாத கருவிழிக்குள் அது போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், போய்விடும். நாங்கள் வாங்கிப் போட்ட சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், கூடவே கண்ணின் எதிர்ப்பையும் குறைக்கும். பூஞ்சைக்கு நாங்களே கதவைத் திறந்துவிட்டோம். இன்றுவரை எனக்கு அந்த நினைப்பு ஆறவில்லை.

★ இது ஒரு வீட்டுக் கதையாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 1994-இல் ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 விழுக்காட்டினருக்கு முதலில் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்த்துப் பார்த்ததில் பலன் கிடைத்தவற்றில் ஏறக்குறைய பாதி பூஞ்சை. குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பாக்டீரியாவும் காண்டாக்ட் லென்ஸும்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் பக்கம் வயல்தான். ஜனவரி முதல் மார்ச் என்பது தை, மாசி. அந்த மாதங்களில் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லவே வேண்டாம்.

★ புண்ணுக்கு எந்த மருந்து என்பது கண்ணைப் பார்த்து மட்டும் முடிவாகாது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி நுண்நோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை என்றால் நூல் நூலாகத் தெரியும். பெரும்பாலும் தரப்படும் மருந்து நாட்டமைசின். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும், முதல் நாட்களில் மணிக்கு ஒரு முறை. எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க அலாரம் அடித்தது. அதைவிட விலை கூடிய புது மருந்து ஒன்றோடு இதை ஒப்பிட்டுத் தென்னிந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பெரிய சோதனை நடந்தது. 2013-இல் முடிவு வெளிவந்தபோது பழைய நாட்டமைசினே மேல் என்று தெரிந்தது. பல நாடுகளில் மருத்துவர்கள் இன்று அந்த முடிவைத்தான் பின்பற்றுகிறார்கள்.

★ களத்தில் கண்ணில் ஏதாவது விழுந்தால்: கசக்காதீர்கள். நல்ல குடிநீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். நாக்கால் துழாவி எடுப்பது, முந்தானை முனையைத் திரித்து எடுப்பது, விளக்கெண்ணெய், தும்பைச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம்தான். கீறல் விழுந்த கண்ணில் கிருமிக்கும் அது தீனி. உறுத்தல் மறுநாளும் இருந்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். கீறலோடு நிற்கும்போதே நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு போட்டால் புண்ணாகாமல் தடுக்கலாம் என்று நேபாளத்துக் கிராமங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். களத்தில் தூற்றுகிறவர்களும் கொள்முதல் நிலையத்தில் நெல் சலிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களும் ஒரு சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டாலே ஆபத்து நிறையக் குறையும்.

★ சிவந்த கண் எல்லாம் ஒன்றல்ல. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். அடுத்து வருகிற மூன்று சிவப்புகளையும் பாருங்கள்.

★ முதல் சிவப்பு, மெட்ராஸ் ஐ. வைரஸால் வருவது. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. சென்னை மருத்துவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கண்வலியை விவரித்து எழுதியதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. பார்த்தாலே தொற்றும் என்பது தவறு. கையால்தான் தொற்றுகிறது: துண்டு, தலையணை, பஸ் கம்பி. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். கண் கூசி, பார்வை மங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

★ இரண்டாவது சிவப்புக்கு எலி காரணம். 1993 கடைசியில் பெய்த மழை வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் ஏராளமானோர் சிவந்து வலிக்கிற கண்ணோடு வந்தார்கள். மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் அவர் குழுவும் ஆராய்ந்தபோது எலிக்காய்ச்சல் கிருமி என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் தேங்கிய நீரில் கலக்கிறது, கால் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகிறது. முதலில் காய்ச்சல் வந்து போகும். வாரங்களோ மாதங்களோ கழித்து, காய்ச்சலையே மறந்த பிறகு, கண்ணுக்குள் அழற்சி கிளம்பும். வரப்பெல்லாம் எலி வளை உள்ள நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? கண் மருத்துவர் கேட்காவிட்டாலும் “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சு, வயல்ல வேலை செய்யறேன்” என்று நீங்களே சொல்லுங்கள். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான் முக்கியச் சிகிச்சை. அத்தையின் கண்ணைக் கெடுத்த அதே வகை மருந்து இங்கே கண்ணைக் காப்பாற்றுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நின்று இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

★ மூன்றாவது சிவப்பில் கண்ணோடு தலையும் வெடிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறிவிட்டது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

ஆனால் இந்தக் கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் இப்படிச் சத்தம் போட்டு வருவதில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை. பக்கப் பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும், நடுப்பார்வை கடைசிவரை இருக்கும். வரப்பில் கால் இடறுவது, பக்கத்தில் வருகிற மாட்டைக் கவனிக்காமல் இருப்பதுதான் அடையாளம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து ஆயுளுக்கும் போட வேண்டும். முன்னால் குறிப்பிட்ட எலியட் 1909-இல் கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு துளை போட்டு அழுத்தத்தை வடிக்கிற அறுவையை வெளியிட்டார். சென்னையில் பிறந்த அந்த முறை பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் புழங்கியது. அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தால் நாற்பது வயதிலிருந்தே நீங்களும் வருஷம் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

★ குளத்தில் குதித்து விளையாடுகிற பையன்களின் கண்ணில் சில சமயம் சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள் வரும். தமிழ்நாட்டுத் தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரே குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு வரிசையாக வந்ததை 2001-இல் பதிவு செய்திருக்கிறார்கள். நத்தையில் வளர்கிற ஒரு தட்டைப்புழுதான் காரணமென்று கண்டார்கள். சிறிய முடிச்சு மருந்தில் அடங்கும், பெரியதை வெட்டி எடுப்பார்கள். குளத்தில் குளிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிச்சு தெரிந்தால் உடனே காட்டுங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறேன்.

★ மூக்கோரத்திலிருந்து கருவிழிமேல் ஏறி வருகிற முக்கோணச் சதையைப் புரை என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு. வெயிலும் தூசியும் சேர்ந்து வளர்க்கிற சதை. பாவையை மறைக்கப் போகும்போது வெட்டி எடுத்து, அந்த இடத்தில் நம் கண்ணின் மேல்பகுதியிலிருந்தே மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டாமல் விட்டால் பல சமயம் திரும்ப வளரும். நடவுக்குப் போகும்போது தலைத்துண்டை நெற்றிக்குக் கீழ்வரை இறக்கிக் கட்டுகிற நம் பெண்களின் பழக்கம் கண்ணுக்கும் நல்லது.

★ சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பார்வை தெளிவாக இருப்பதே ஒரு ஏமாற்று. விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கிப் பல மாதம் கழித்துத்தான் பார்வை குறையும். வருஷத்துக்கு ஒரு முறை பாவையை விரித்து உள்ளே பார்க்க வேண்டும். அன்று மூன்று நான்கு மணி நேரம் கண் கூசும், துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள். தேவைப்பட்டால் லேசர், இல்லையென்றால் கண்ணுக்குள் ஊசி. கண்ணில் ஊசியா என்று பயப்படாதீர்கள். மரக்கச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள்.

★ வெள்ளெழுத்துக்குப் பழைய வீடுகளில் சாளேசரம் என்று ஒரு பேர் உண்டு. மராத்தியில் ‘சாளீஸ்’ என்றால் நாற்பது. நாற்பது வயதில் கிட்டப்பார்வை தடுமாறத் தொடங்கும் என்பதை அந்தச் சொல்லே வைத்திருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்கள் பறித்த இலை 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். 2018-இல் வெளியான ஆய்வு. இங்கே களை எடுக்கிறவர், அரிசியில் கல் பொறுக்குகிறவர், பூக் கட்டுகிறவர் எத்தனை பேர் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள்! “படிக்கத் தெரியாதவளுக்குக் கண்ணாடி எதுக்கு” என்று ஒரு அம்மாவிடம் யாரோ சொன்னதை நானே காதால் கேட்டேன். ஊசியில் நூல் கோக்கப் படிப்பு எதற்கு?

★ தஞ்சாவூரை ஒட்டிய புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலின் தலவரலாறு, துளஜா மன்னரின் மகள் நோயால் இழந்த பார்வையை அங்கே திரும்பப் பெற்றதாகச் சொல்கிறது. வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்துகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. அம்மை கண்ணைப் பறித்த காலம் ஒன்று இருந்தது. பெரியம்மை உலகைவிட்டே போய்விட்டது. தட்டம்மை போகவில்லை. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் கருவிழி சில நாட்களில் உருகிப்போகும். கண்மலர் சாத்துங்கள், ஒன்பதாம் மாதத் தடுப்பூசியையும் தவறாமல் போடுங்கள்.

★ மாலைக்கண்ணும் அதே வைட்டமின் குறையால் வருவது. 1990-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளிடம் நடந்தது. வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. கண்ணுக்கென்று கொடுத்த சொட்டு உயிரையே காத்திருக்கிறது. முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பணம் கொடுக்காமல் வேலியோரத்தில் கிடைக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தருகிற மருந்தும் இலவசம்.

★ மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை. கோணலான கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கத் தொடங்கும். ஏழெட்டு வயதுக்குள் சரி செய்யாவிட்டால் அந்தக் கண் சோம்பியே போகும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துச் சோம்பிய கண்ணை வேலை வாங்குவதுதான் வைத்தியம். குழந்தையின் பாவை பூனைக்கண் போல வெள்ளையாக மின்னினால், போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தால், அன்றைக்கே கிளம்புங்கள். அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டால் உயிரும் பிழைக்கும், பல சமயம் கண்ணும் பிழைக்கும்.

★ கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற குழந்தைக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி தருகிற கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. ஆசிரியரிடம் கேளுங்கள்.

★ கண்கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். பிதுக்க வேண்டாம். அடிக்கடி வந்தால் சர்க்கரை பாருங்கள்.

★ வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற சுண்ணாம்பு, கண்ணுக்கு அமிலத்தைவிடக் கொடியது. பாக்கெட் சுண்ணாம்பைக் குழந்தை பிதுக்க, முகத்தில் தெறிக்கும். இமையைப் புரட்டி, துகளைத் துடைத்து, அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வண்டி தேட வேண்டும். உலகில் முதன்முதலாகப் பலித்த கருவிழி மாற்று அறுவையின் நோயாளியும் இப்படிச் சுண்ணாம்பில் கண் வெந்த ஒரு கூலித் தொழிலாளிதான். 1905 டிசம்பரில் எட்வர்டு சிர்ம் என்ற மருத்துவர், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலமோட்ஸ் நகரில் அதைச் செய்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் எழும்பூரில் தொடங்கியது. டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1948-இல் அங்கேயே கருவிழி மாற்றினார்.

★ கண் தானத்துக்கு வயது வரம்பு தடையில்லை. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் தரலாம். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டுக் கண் வங்கிக்கு போன் செய்யுங்கள். வீட்டுக்கே வந்து கால் மணி நேரத்தில் எடுத்துக்கொள்வார்கள். முகம் விகாரமாகாது. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் அந்த போனைச் செய்ய ஒருவர் மனம் திடப்பட வேண்டும். அதற்கு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

★ அத்தைக்குப் பூஞ்சை அடங்கியது, நடுவில் வெள்ளைத் தழும்பு நின்றது. ஊரில் பூ விழுந்த கண் என்பார்களே, அது. ஒன்றரை வருஷம் காத்திருந்து கருவிழி மாற்றினார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன், ஒரு சட்டைப் பொத்தான் அகலம், தலைமுடியைவிட மெல்லிய நூலில் சுற்றிலும் தையல். யாருடைய கண் என்று சொல்ல மாட்டார்கள், அது விதி. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. ஆடி அமாவாசைக்குப் புது ஆற்றில் தலை முழுகி வந்து படையல் போடும்போது அத்தை இப்போது ஒரு இலை கூடுதலாகப் போடுகிறார்.